கோதண்டம் வாபஸ் வாங்காத உத்தரவு

கரடிக்குப்பத்தில் துளசிங்கம் என்று ஒருவர் இதயம் அடிக்காமலே முப்பத்தேழு வருஷம் இருந்தார். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை, சாவதற்கு அவருக்கு உத்தரவு கிடைக்கவில்லை, அவ்வளவுதான். உத்தரவு தர வேண்டியவர் அதே ஊரில், இரண்டு தெரு தள்ளி, காலை ஆறு மணிக்குச் சவரம் செய்துகொண்டும் ஏழு மணிக்கு ரேடியோவில் செய்தி கேட்டுக்கொண்டும் நல்லபடியாகத்தான் இருந்தார். அவர் பெயர் ஹவில்தார் கோதண்டம்.

பாலாற்றுக்குத் தெற்கே இருக்கும் அந்த ஊரில் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்துக்குப் போனவர். பேர் எழுதின கறுப்பு ட்ரங்குப் பெட்டி இல்லாத வீட்டில் பெண் எடுக்க யோசிப்பார்கள். உத்தரவு என்றால் என்ன என்பது அங்கே அடுப்பு ஊதுகிறவளுக்கும் தெரியும், ஆடு மேய்க்கிறவனுக்கும் தெரியும்: போட்டவர் எடுக்கிற வரைக்கும் அது நிற்கும். அதனால் துளசிங்கம் விஷயத்தில் ஊர் முதலில் கொஞ்சம் மிரண்டதே தவிர, யாரும் அதை நம்ப முடியாது என்று சொல்லவில்லை.

நடந்தது இதுதான். மேற்கு எல்லையில் ஒரு கால்வாய்க் கரை. கோதண்டத்தையும் சேர்த்துப் பத்துப் பேர் கொண்ட அவருடைய செக்‌ஷன் அதைப் பிடித்து வைத்திருந்தது. டிசம்பர் மாதத்தில் ஒரு காலை, பனி விலகி எதிரே கரும்புத் தோட்டம் தெரிய ஆரம்பித்த நேரத்தில் எதிரி சுட ஆரம்பித்தான். முதல் அரை மணியிலேயே டெலிபோன் கம்பி அறுந்தது. பின்னால் இருந்த ஆபீசரிடமிருந்து இனி ஒரு வார்த்தை வராது என்று தெரிந்ததும் கோதண்டம் குழிக்குக் குழி ஊர்ந்து போனார். ஒருவனிடம் பூட்ஸ் கயிற்றைக் கட்டச் சொன்னார், ஒருவனிடம் அவன் ஊர்த் திருவிழா எந்த மாசம் என்று விசாரித்தார், கை நடுங்கின ஒருவனின் கையைப் பிடித்துத் தன் சட்டைக்குள் வைத்துச் சூடேற்றினார். எல்லோரிடமும் ஒன்றைத்தான் சொன்னார்: தோட்டா குறைச்சல், நான் கையைத் தூக்கி நிற்பேன், அந்தக் கை கீழே இறங்கின பிறகுதான் சுடவேண்டும், அதற்கு முன்னால் எவனாவது சுட்டால் அவன் தோலை உரித்துவிடுவேன்.

சொன்னபடி நின்றார். எல்லோரும் தலையை மண்ணுக்குள் புதைத்திருந்த நேரத்தில் அவர் மட்டும் கரைமேல் முழு உயரத்துக்கு எழுந்து, ஒன்பது பேர் கண்ணுக்கும் தெரியும்படி வலது கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். எதிரி இருநூறு கஜத்தில் வந்தான், கை இறங்கவில்லை. நூறு கஜத்தில் வந்தான், சட்டைக் கையைக் கிழித்துக்கொண்டு ஒரு குண்டு போயிற்று, கை இறங்கவில்லை. ஐம்பது கஜத்தில் அவனுடைய மீசை தெரிந்தது, அப்போதுதான் கை இறங்கிற்று. மூன்று தடவை வந்தார்கள், மூன்று தடவையும் அந்தக் கை திருப்பி அனுப்பிற்று. மூன்றாவதுக்கும் நாலாவதுக்கும் நடுவில் தோட்டா தீர்ந்துபோக, கோதண்டம் மறைப்பே இல்லாத வெட்டவெளியில் பக்கத்துக் காவல் குழி வரைக்கும் ஓடி, இரண்டு பெட்டியை இடுப்பில் கயிறு போட்டுக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். அந்தக் கரையில் நின்றவர்கள் பிற்பாடு தங்கள் பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைத்தது சும்மா இல்லை.

பெட்டியோடு அவர் வந்து விழுந்தபோது இயந்திரத் துப்பாக்கிக்குப் பின்னால் துளசிங்கம் படுத்திருந்தார். இருபத்து நாலு வயது, கல்யாணமாகி ஆறு மாசம், கோதண்டத்தின் ஊர்க்காரர், கோதண்டமே கூட்டிப்போய் ஆள் சேர்ப்பில் நிறுத்தின ஆள். இடது சட்டைப் பையின் பொத்தானுக்கு ஒரு விரற்கடை கீழே குண்டு நுழைந்து முதுகு வழியாக வெளியேறியிருந்தது. துளசிங்கம் திரும்பிப் பார்த்தார்.

"அண்ணா, நான் வரட்டா?" என்றார்.

விருந்துக்கு வந்தவர் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே கேட்பாரே, அந்தக் குரலில்தான் கேட்டார்.

"எங்கடா வரட்டா?" என்று கத்தினார் கோதண்டம். "நான் சொல்ற வரைக்கும் இங்க ஒருத்தனும் சாவக் கூடாது. இது உத்தரவு. சுடுடா!"

"சரிங்கண்ணா" என்று துளசிங்கம் திரும்பிக்கொண்டு சுட்டார். நாலாவது தடவை வந்தவர்களும் திரும்பிப் போனார்கள். மத்தியானம் உதவிப்படை வந்து சேர்ந்தது. ராணுவ டாக்டர் துளசிங்கத்தின் நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டுவிட்டு, ஒன்றும் கேட்கவில்லையே என்று குழாயை உதறினார். துளசிங்கம் விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார். சல்யூட் அடிக்கிறவனைச் செத்தவன் கணக்கில் சேர்க்க அந்த டாக்டருக்கு மனம் வரவில்லை. இலகுவான வேலைக்குத் தகுதி என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

கோதண்டத்துக்குப் பதக்கம் வந்தது. பத்துப் பேரில் ஒருவரையும் இழக்காமல் கரையைக் காத்தவர் என்று பாராட்டுத்தாளில் அச்சடித்திருந்தார்கள். இருவரும் ஓய்வு பெற்று ஊருக்கு வந்தார்கள். கோதண்டம் வருஷா வருஷம் பள்ளிக்கூடத்துக் கொடியேற்றத்தில் அந்த ஒரே வாக்கியத்தைத்தான் பேசினார்: "பத்துப் பேரா நின்னோம், பத்துப் பேரா வந்தோம்." பிள்ளைகள் கை தட்டுவார்கள். பின்வரிசையில் துளசிங்கமும் கை தட்டுவார்.

ஊர் அவரோடு பழகிப்போன விதம் தனிக்கதை. பீடி குடித்தால் புகை முதுகுச் சட்டை வழியாக வருகிறது என்று அவர் பெண்சாதி நவநீதம் சட்டைகளுக்கெல்லாம் உள்பக்கம் ஒரு ஒட்டுத் தைத்தாள். பேசுவதற்கு மட்டும் மூச்சை இழுப்பார், மற்ற நேரத்தில் அந்தச் சிரமம் கிடையாது என்பதால் கிணற்றில் விழுந்த குடமோ ஆட்டுக்குட்டியோ எதுவானாலும் துளசிங்கத்தைக் கூப்பிட்டார்கள். ஒருமுறை பஞ்சாயத்துக் கிணற்றில் மோட்டார்க் குழாயின் அடியில் இருக்கும் ஃபுட் வால்வைக் கழற்ற இறக்கிவிட்டு, பேச்சுவாக்கில் எல்லோரும் சாப்பிடப் போய்விட்டார்கள். மூன்று மணிக்கு ஞாபகம் வந்து ஓடிவந்து பார்த்தால், கழற்றின வால்வை மடியில் வைத்துக்கொண்டு கிணற்றின் அடியில் உட்கார்ந்திருக்கிறார். மேலே வா என்று யாரும் சொல்லவில்லையாம்.

நவநீதத்துக்கு ஒரு பெண் பிறந்தாள். குழந்தையின் கையைப் பிடித்துப் பார்த்த நர்சம்மா, நாடி இரண்டு பேருக்கு அடிக்கிறதே என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த வீட்டுப் பிரசவத்துக்குப் போனாள். ஒவ்வொரு நவம்பரிலும் பென்ஷனுக்காகத் தான் உயிரோடு இருப்பதாகக் காட்டிக்கொள்ள துளசிங்கம் டவுன் பேங்குக்குப் போவார். புதிதாக வந்த மானேஜர் ஒருவர் கைகுலுக்கிவிட்டு, குளிர்ச்சியைப் பார்த்துத் திடுக்கிட்டு, யாரோ காதில் விஷயத்தைச் சொன்னதும் கொஞ்சம் யோசித்தார். ஆள் நேரில் வந்திருக்கிறார், கையெழுத்துப் போட்டிருக்கிறார், நாடி பார்ப்பது பேங்கின் வேலை இல்லை என்று முத்திரை குத்தி அனுப்பினார்.

ஒரே ஒரு தடவைதான் விபரீதமாகப் போகப் பார்த்தது. முன்னாள் படைவீரர் சங்கத்துக் கட்டடத்தில் சீட்டாடிக்கொண்டிருந்தபோது துளசிங்கம் ஒரு ஜோக்கரை எதிராளிக்குத் தூக்கிப் போட, கோதண்டம் ஆத்திரத்தில், எல்லோரும் சொல்வதுபோல, "செத்துத் தொலைடா!" என்று சொல்லிவிட்டார். துளசிங்கம் சீட்டைக் கவிழ்த்து வைத்தார். எழுந்தார். சட்டைப் பொத்தானைக் கழுத்து வரைக்கும் போட்டுக்கொண்டு, "உத்தரவாண்ணா?" என்று கேட்டார். கேட்டபோது அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததைச் சங்கத்தில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள்.

"இல்லடா! வாய் தவறிப் போச்சு. உக்காரு, சீட்டை எடு" என்று கோதண்டம் பதறினார்.

வெளிச்சம் போய்விட்டது. துளசிங்கம் உட்கார்ந்து சீட்டை எடுத்தார். அன்று சாயங்காலமே ஊர் கூடி, துளசிங்கம் காதுபடச் சாவு சம்பந்தமான எந்த வசவையும் கோதண்டம் வாயில் எடுக்கக் கூடாது என்று முடிவு செய்தார்கள். கோதண்டமும் அதிலிருந்து ஒவ்வொரு வார்த்தையையும் முள்ளுப் பார்த்துக் கால் வைப்பதுபோலத்தான் பேசினார். ஆனால் அந்த வெளிச்சத்தைப் பற்றி மட்டும் அவர் யாரிடமும் பேசவில்லை, தன்னிடம்கூடப் பேசிக்கொள்ளவில்லை.

எழுபத்திரண்டாம் வயதில் கோதண்டத்துக்கு நெஞ்சு வலித்தது. நெஞ்சைப் பிளந்து பார்த்தால்தான் ஆகும், நாளை மறுநாள் வந்து படுத்துக்கொள்ளுங்கள், வயசாகிவிட்டது, நிச்சயமாக ஒன்றும் சொல்வதற்கில்லை என்று டவுன் டாக்டர் சொன்னார். அந்தச் செய்தி பஸ்ஸை விட்டு அவர் இறங்கும் முன்னாலேயே ஊருக்குள் வந்துவிட்டது. ஊருக்கு அவர் நெஞ்சைப் பற்றி இருந்த கவலையில் பாதி துளசிங்கத்தைப் பற்றினது. ஹவில்தார் திரும்பி வராவிட்டால் உத்தரவு என்ன ஆகும்? போட்டவரோடு அதுவும் போய்விடும் என்றார் ஒருவர். அப்படி எந்த ரூலிலும் இல்லை, எடுப்பதற்கு ஆள் இல்லாத உத்தரவு கடைசிவரைக்கும் நிற்கும், நாமெல்லாம் மண்ணாகிப் போன பிறகும் துளசிங்கம் கிணற்றில் வால்வு கழற்றிக்கொண்டிருப்பான் என்றார் இன்னொருவர். அதைக் கேட்டதும் சங்கத்தில் யாருக்கும் டீ இறங்கவில்லை.

சங்கத் தலைவர் சுபேதார் மேஜர் எத்திராஜ், பதவியில் தான் பெரியவன் என்பதால் தானே எடுத்துவிடுவதாகச் சொன்னார். துளசிங்கத்தை வரவழைத்து, தொப்பி வைத்துக்கொண்டு, "அந்த உத்தரவ நான் வாபஸ் வாங்கறேன்" என்று கணீரென்று அறிவித்தார். துளசிங்கம் சல்யூட் அடித்தார். ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. துளசிங்கம் அப்படியே நின்றார்.

"மன்னிச்சுக்கோங்க சாப்" என்றார். "அன்னிக்கு நீங்க அங்க இல்ல."

எத்திராஜ் தொப்பியைக் கழற்றிவிட்டார். அது உண்மைதானே, அவர் என்ன செய்வார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு நவநீதம் கோதண்டத்தின் வீட்டுக்கு வந்தாள். கோதண்டத்தின் சம்சாரம் பட்டம்மாள் ஆஸ்பத்திரிக்குத் துணி மடித்துக்கொண்டிருந்தாள். எதற்கு வந்திருக்கிறாள் என்று பார்த்தவுடனே தெரிந்துகொண்டு, துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"இன்னாம்மா, துளசி அனுப்பிச்சானா?" என்றார் கோதண்டம்.

"அவரு அனுப்புவாரா? உத்தரவ எடுங்கன்னு கேக்கறதே அவருக்குத் தப்பு. நான்தான் வந்தேன். எடுத்துடுங்கண்ணா."

"உன் தாலிய என் வாயால எடுக்கச் சொல்றியா?"

"ஆமாண்ணா" என்றாள் நவநீதம். அழவில்லை. முப்பத்தேழு வருஷம் அழுது முடித்தவள் போலிருந்தாள். "அவரு தூங்கி எவ்ளோ நாளாச்சு தெரியுமா உங்களுக்கு? அந்தக் கரையில கண்ணத் தொறந்தவரு, இன்னும் மூடல. கண்ண மூடினா உத்தரவு கை நழுவிப் போயிடும்னு பயம். கட்டில்ல என் பக்கத்துல படுத்துக்கினு மோட்டுவளயப் பாத்துக்கினே கீறாரு. கையப் புடிச்சா வெறகாட்டம் வெறப்பா கீது. ஒரு நாளு, ரெண்டு நாளு இல்ல. எம்பொண்ணு பொறந்து, வளந்து, அதும் புள்ளைக்கிக் காது குத்தியாச்சு."

"உயிரோட கீறானேம்மா" என்றார் கோதண்டம். அவருக்கே அவர் குரல் பிடிக்கவில்லை. "பத்துப் பேரா நின்னோம். பத்துப் பேரா..."

"ஒம்போது பேருதாண்ணா வந்தீங்க. அவரு இன்னும் அந்தக் கரையிலதான் கீறாரு. நீங்க எறங்கி வந்துட்டீங்க, அவர மட்டும் அங்கயே வுட்டுட்டீங்க. வருசா வருசம் நீங்க மைக்குல பேசறப்போ எல்லாம் நான் நெனச்சுக்குவேன், இந்தப் பேச்சு பொய்யாயிடக் கூடாதுன்னுதான் என் வூட்டுக்காரரு நின்னுக்கினு கீறாருன்னு."

கோதண்டம் வாசற்கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். 

"உன்கிட்ட ஒண்ணு சொல்றன்" என்றார். "அந்தக் கரையில நான் நின்னதெல்லாம் பெருசு இல்ல. எனக்கு பயமே வரல, அதான் நெஜம். பயம் வந்தது ஒரே ஒருவாட்டி. அவன் திரும்பி வரட்டான்னு கேட்டான் பாரு, அப்பதான். துப்பாக்கிய யாரு புடிக்கிறது, ஊருக்குப் போயி உன் மூஞ்சிய எப்பிடிப் பாக்கறது... அந்த பயத்துல கத்தினதும்மா அது. அதுக்குப் பதக்கம் குடுத்தாங்க. வாங்கி மாட்டிக்கினேன்."

"இப்ப பாருங்க என் மூஞ்சிய" என்றாள் நவநீதம்.

கோதண்டம் பார்த்தார்.

பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு புறப்பட்டார். பதக்கம் எதையும் குத்திக்கொள்ளவில்லை. துளசிங்கம் இருந்த களத்துமேடு அரை மைல். இரண்டு இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றார், பட்டம்மாள் தண்ணீர் கொடுத்தாள், மறுபடி நடந்தார். டீக்கடையில் இருந்தவர்கள் கிளாஸை வைத்துவிட்டு வந்தார்கள், மாவு மிஷினை நிறுத்திவிட்டு வந்தார்கள், வயலில் குனிந்திருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டு வந்தார்கள், எத்திராஜ் தொப்பி இல்லாமல் வந்தார். யாரும் யாரையும் எங்கே என்று கேட்கவில்லை.

துளசிங்கம் களத்தில் வேர்க்கடலை காயவைத்துக் காலால் துழாவிக்கொண்டிருந்தார். கூட்டத்தைப் பார்த்தார், முன்னால் கோதண்டத்தைப் பார்த்தார், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு விறைப்பாக நின்றார்.

உத்தரவை எப்படி எடுப்பது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்திருந்தார் கோதண்டம். செத்துப் போ என்று சொல்ல அவருக்கு வாய் வராது. ஆனால் காவலுக்கு நிற்கிறவனைச் சும்மா போகச் சொல்லவும் கூடாது; மாற்று ஆள் வந்து அந்த இடத்தில் நின்றால்தான் அவன் நகரலாம். அதுதான் முறை. நேராகப் போய்த் துளசிங்கத்தின் தோளை ஒட்டி, கடலை நடுவில் நின்றார்.

"லான்ஸ் நாயக் துளசிங்கம்."

"சார்."

"கரை நம்ம கையில கீது. உதவிப்படை வந்தாச்சு. உன் எடத்துல நான் நிக்கறன். ஒப்படைச்சுட்டு எறங்கு."

துளசிங்கம் அவர் முகத்தைப் பார்த்தார்.

"ஃபையரிங் நின்னுடுச்சாண்ணா?"

"நின்னுடுச்சுடா. எப்பவோ நின்னுடுச்சு. நான்தான் உன்கிட்ட சொல்லாம வுட்டுட்டேன்."

துளசிங்கத்தின் தோள் முதலில் இறங்கிற்று, அப்புறம் விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன, அப்புறம் முழங்கால் மடிந்தது. நவநீதம் ஓடிவந்து தாங்கினாள். "கொஞ்சம் படுத்துக்கறேன் நவநீ" என்றார். கடலை மூட்டைக்கு வைத்திருந்த கோணிகளைத் துளசிங்கத்தின் மகளும் எத்திராஜும் விரித்தார்கள். நவநீதத்தின் மடியில் தலை வைத்துப் படுத்தவர், எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்திருக்க, சாகவில்லை. தூங்கினார். குறட்டை விட்டார். முப்பத்தேழு வருஷத்துக் குறட்டை அது, களத்துமேடு தாண்டிக் கேட்டது. பாடை கட்டலாமா என்று மூங்கிலோடு வந்த ஆளை நவநீதம் கையை ஆட்டித் தூர நிறுத்தினாள். சத்தம் போடாதீங்க, அவரு தூங்கட்டும் என்று சைகை காட்டினாள். அழ வந்த பெண்கள் தரையில் உட்கார்ந்து, பேசாமல், கடலை பொறுக்க ஆரம்பித்தார்கள்.

பதினொன்றரையிலிருந்து வெயில் சாய்கிற வரைக்கும் தூங்கினார். பிறகு இடது பையின் பொத்தானுக்குக் கீழே சட்டையில் ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்தது. அது மெல்ல அகன்றது. அன்றைக்குக் கரையில் வந்திருக்க வேண்டிய ரத்தம், புது ரத்தமாக, சூடாக, நவநீதத்தின் புடவையை நனைத்தது. குறட்டை மெலிந்துகொண்டே வந்து நின்றது. நவநீதம் கொஞ்ச நேரம் குனிந்து அவர் நெற்றியில் நெற்றியை வைத்திருந்தாள். ஒப்பாரி எழுந்தது.

கோதண்டம் கடலை நடுவில் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். மத்தியானத்திலிருந்து பட்டம்மாள் உட்காரச் சொன்னாள், அவர் மகன் நாற்காலி கொண்டுவந்து போட்டான், எத்திராஜ் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். காவலில் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு, நோகிற நெஞ்சோடு, எதிரே கரும்புத் தோட்டமே இல்லாத வெளியைப் பார்த்துக்கொண்டு அவர் நின்றார். இருட்டப் போகிறது, நாளைக்கு ஆஸ்பத்திரி, இவர் இப்படியே நின்றால் என்ன செய்வது என்று ஊர் கையைப் பிசைந்தது.

நவநீதம் புருஷனின் தலையை மெதுவாகக் கோணியில் வைத்துவிட்டு எழுந்தாள். ரத்தம் காயாத புடவையோடு நடந்து போய், கோதண்டத்தின் தோளை ஒட்டி நின்றாள்.

"நான் நிக்கறேண்ணா" என்றாள். "நீங்க உக்காருங்க."

அப்போதுதான் ஹவில்தார் கோதண்டம் தரையில் உட்கார்ந்து, ஊர் முழுக்கக் கேட்கும்படி, தன் செக்‌ஷனில் ஒருவன் செத்துப்போனதற்காக அழுதார்.